தகரப் பெட்டியும் முப்பதாவது மாடியும்

சென்ற இதழில், மும்பை தாராவியில் என் அம்மா வைத்திருந்த தகரப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். நகை எதுவும் அதில் கிடையாது. ரேஷன் கார்டு, கரண்ட் பில், 1976 குடிசைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கொடுத்த போட்டோ பாஸ் என்ற படம் ஒட்டிய அடையாளச் சீட்டு, இவைதான். மழை பிடித்துக்கொண்டால் அம்மா முதலில் பரணில் ஏற்றுவது அந்தப் பெட்டியைத்தான். படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். வானத்தைத் தொடும் கட்டடமும் தகரக் கூரையும் ஒட்டி ஒட்டி நிற்கும் அந்த ஊரைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள். நான் தாராவியிலேயே பிறந்தவள். அங்குள்ள சங்கங்களுக்காக வீடு வீடாகப் போய்க் காகிதம் சேர்த்துக் கொடுக்கும் வேலையை 22 வருடம் பார்த்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரிச் சுற்றுலாவில் மும்பை போனோம். பாந்த்ரா-குர்லா வளாகத்தில் எல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பினால் தகரக் கூரைகள். இவ்வளவு பணம் புழங்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடிசை போட எப்படி விட்டார்கள்?
— கல்லூரி மாணவி, சேலம்

வரிசை அப்படியே தலைகீழ், அம்மா. குடிசைதான் முதலில் வந்தது. கண்ணாடிக் கட்டடம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

தாராவி ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே, மாஹிம் கழிமுகத்தை ஒட்டிக் கிடந்த சதுப்பு. கோலி மீனவர்கள் அங்கே இருந்தார்கள். தோல் பதனிடும் பட்டறைகளின் நாற்றம் ஊருக்குள் வேண்டாம் என்று அவற்றை அந்தப் பக்கம் தள்ளினார்கள். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பர்வாடாவில் சூளை போட்டார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் வேலைக்கு ஆட்கள் போனார்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர்.

பாட்டி சொல்வார்: மழைக்காலத்தில் பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய முடியுமாம். மரத்தூள், தேங்காய் மட்டை, சூளைச் சாம்பல், எங்கேயாவது கட்டடம் இடித்தால் அந்தக் கல் எல்லாவற்றையும் தலையில் சுமந்து வந்து கொட்டிக் கொட்டித்தான் கால் வைக்க ஒரு தரை உண்டானது. அதற்குக் கூலி என்று யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

மும்பைக்கு மூன்று பக்கமும் தண்ணீர். வளர வேண்டுமென்றால் வடக்கே போனால்தான் உண்டு. ஊர் வடக்கே போகப் போக, ஓரத்தில் கிடந்த தாராவி நடுவுக்கு வந்துவிட்டது. மேற்கு ரயில் பாதையில் மாஹிம், மத்திய ரயில் பாதையில் சயான், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2.4 சதுர கிலோமீட்டர். வடக்கே மித்தி ஆறு. அந்த ஆற்றுக்கு அப்பால்தான் 1970-களின் கடைசியில் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்குத் திட்டம் போட்டார்கள். தேசியப் பங்குச் சந்தை, வைரச் சந்தை, பெரிய பெரிய வங்கிகள் எல்லாம் பிறகு வந்தன. அதுவும் சதுப்புதான். அதையும் தூர்த்துத்தான் கட்டினார்கள். அவர்கள் தூர்த்ததற்கு ஆவணத்தில் மேம்பாடு என்று பெயர், நாங்கள் தூர்த்ததற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். அரசாங்க அலுவலகத்தில் அந்தச் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பாட்டியின் தலைச்சுமை நினைவுக்கு வரும்.

தண்ணீருக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அன்றைக்கு மித்தி இரண்டு கரைக்கும் ஏறியது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களே, கொஞ்சம் தள்ளிப் புறநகரில் நல்ல வீடாகப் பார்த்துப் போகக் கூடாதா?
— இல்லத்தரசி, மதுரை

போகலாம், ஆனால் வேலை அவர்கள் பின்னால் வராது. தாராவியில் வீடு என்பது பாதி நேரம் பட்டறை. கீழே தோல் பை தைப்பார்கள், மேலே தூங்குவார்கள். வாசலில் அப்பளம் காயும். 13-ஆம் காம்பவுண்டில் ஊர் முழுக்கத் தூக்கிப் போட்ட பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பிரித்து மறுபடி பொருளாக்குகிறார்கள். இன்னொரு பக்கம், காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம், ஏழரைக்கு இன்னொரு வீட்டில் சமையல் என்று நாலு வீடு பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் புறநகருக்குப் போனால் லோக்கல் ட்ரெயினில் போகவர மூன்று நான்கு மணி நேரம். பச்சைக் குழந்தையை யாரிடம் விட்டுப் போவது?

இதையேதான் பிளாட்பார வாசிகள் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். 1981-இல், கொட்டும் மழைக்காலத்தில், அவர்களை அப்புறப்படுத்தி பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்ப உத்தரவானது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர். 1985-இல் ஐந்து நீதிபதிகள், பிழைக்கும் வழி என்பது உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றார்கள். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த வரியைத்தான். அதே தீர்ப்பு, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது. எங்களுக்கு அந்த இரண்டாவது வரியோடுதான் பழக்கம்.

குடிசைவாசிகளுக்கு இலவசமாக அடுக்குமாடி வீடு கொடுக்கிறார்கள். அதை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி குடிசைக்கே போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். 35 வருடம் வரி கட்டியவன் என்ற முறையில் கேட்கிறேன், இது நியாயமா?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்

ஐயா, கோபம் புரிகிறது. ஆனால் அந்த வீட்டைக் கட்டுவது உங்கள் வரிப்பணம் இல்லை. அது எப்படிக் கட்டப்படுகிறது என்று சொல்கிறேன். வங்கியில் கணக்குப் பார்த்தவர் நீங்கள், சட்டென்று பிடிபடும்.

குடிசை மறுவாழ்வு ஆணையம், எஸ்.ஆர்.ஏ. என்பார்கள், 1995-இல் வந்தது. ஒரு குடிசைப் பகுதியில் தகுதி உள்ளவர்களுக்கு ஒரு பில்டர் இலவசமாக வீடு கட்டித் தர வேண்டும். பதிலுக்கு, அதே நிலத்தில் கூடுதலாகத் தளம் கட்டிச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம். நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். மும்பையில் எல்லாரும் அடித்துக்கொள்வது அதற்காகத்தான். அங்கேயே கட்டித் தீர்க்க முடியாவிட்டால், மீதியை டி.டி.ஆர். என்ற சான்றிதழாக வாங்கி வேறு இடத்தில் கட்டலாம், இல்லை விற்றுவிடலாம்.

ஆக, குடிசைக்காரர் தன் தரையைக் கொடுக்கிறார். அந்தத் தரையின் பேரில் ஆகாயத்தில் இடம் பிறக்கிறது. அந்த இடத்தை விற்ற காசில் ஒரு சிறு பங்கு, அவருக்கு வீடாகத் திரும்பி வருகிறது. தார்தேவில் இம்பீரியல் என்று 60 மாடியில் இரட்டைக் கோபுரம் நிற்கிறதே, 2010-இல் முடிந்தது, அது எம்.பி. மில் காம்பவுண்டு என்ற குடிசைப் பகுதியின் நிலத்தில் எழுந்ததுதான். அந்தப் பழைய குடும்பங்கள் பக்கத்திலேயே சாதாரணக் கட்டடங்களில் இருக்கிறார்கள். குடிசையும் கோபுரமும் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பல இடங்களில் அவை ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கம்.

நிலம் நிறைய இடங்களில் அரசுடையது, அப்படியானால் பொதுச் சொத்து கைமாறுகிறதே என்று நீங்கள் கேட்டால், அது சரியான கேள்வி. நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அதைக் கேட்கும்போது 225 சதுர அடி வீடு வாங்கிய குடிசைக்காரரை மட்டும் நிற்க வைத்துக் கேட்காதீர்கள்.

வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மறைக்க மாட்டேன். ஏன் போகிறார்கள் என்பதற்கு என் கட்டடத்தையே சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பை இடித்தபோது, வேறு இடத்தில் வாடகைக்கு இருக்கப் பணம் தருவதாக பில்டர் எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் தந்தார், நின்றுபோனது. ஆறு வருடம் கழித்து ஏழாவது மாடியில் வீடு கிடைத்தது. அப்போதைய அளவு 225 சதுர அடி. பிறகு அது 269 ஆகி, இப்போது 300. சாவி வாங்கிய அன்று அம்மா தாழ்ப்பாளைப் பத்துத் தடவை திறந்து திறந்து மூடிப் பார்த்தார். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். பொதுக் கக்கூஸ் வரிசையில் அறுபது வருடம் நின்ற பெண்ணுக்கு அது என்ன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒன்றுக்காகவே இந்தத் திட்டத்தை முழுசாக வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

ஆனால் அடுத்த கட்டடம் மூன்று மீட்டர் தள்ளி நின்றது. கையை நீட்டினால் எதிர் ஜன்னல் எட்டிவிடுமோ என்று தோன்றும். பகல் பதினொரு மணிக்கு நடைபாதையில் டியூப்லைட் எரிந்தால்தான் பூட்டில் சாவியைப் போட முடியும். மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்டு, கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டு போன்ற மறுகுடியமர்வுக் கட்டடங்களில், வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் அதிகமாக இருப்பதை டாக்டர்கள் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்து சொன்னார்கள். எங்களுக்கு அதைக் கேட்டு ஆச்சரியம் வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா அப்பளம் போடுகிறவர். கூடை முறத்தோடு ஏழாம் மாடி வந்தார். காய வைக்க வெயில் இல்லை. லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. மெயின்டனன்ஸ், லிஃப்ட் கரண்ட், தண்ணீர் மோட்டார் என்று மாதா மாதம் ஒரு தொகை கட்டவேண்டும். தரையில் இருந்தபோது வராத செலவு அது. வருமானம் நின்று செலவு ஏறினால் என்ன செய்வது? இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் வீட்டை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டு, தூரத்துப் புறநகரான நாலாசோபாராவுக்குப் போய்விட்டார். குறிப்பிட்ட வருடங்கள் கைமாற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டப்படி அவர் செய்தது தப்பு. அவரைத் தப்பானவர் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது.

அக்கா, எங்கள் வீடு 90 அடி ரோடு பக்கம். கீழே அம்மா இருக்கிறார். மேல்மாடி ரூமில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். சர்வேக்காரர்கள் வந்து போனார்கள். எங்களுக்கு வீடு கிடைக்குமா?
— ஒரு தம்பி, தாராவி

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அம்மாவுக்குக் கிடைக்க வழி இருக்கிறது. உனக்குத் தாராவிக்குள் சொந்தமாகக் கிடைப்பது கஷ்டம்.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி: தாராவியை மொத்தமாக இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு 2004-இல் ஒப்புதல் கொடுத்தது. பல தடவை டெண்டர் தள்ளித் தள்ளி, 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அவர்களுக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள கம்பெனி வேலையைச் செய்கிறது. 2024-இல் வீடு வீடாக சர்வே தொடங்கியது.

விதி இது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்கும் பிறகு வந்தவர்களுக்கும், மேல்மாடிக்காரர்களுக்கும் வெளியே வாடகை வீடு. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழியும் அதில் உண்டு. 2022 நவம்பர் 15-க்கு முன் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும்.

நீ அங்கேயே பிறந்தவன் என்று எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. ஏணி ஏறிப் போகிற ரூம் என்பதால் உன் நாற்பது வருடம் வேறு கணக்கில் போகிறது. இதைத்தான் நான் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லிவந்தேன். மேல்மாடி என்பது யாரோ வெளியாள் வந்து ஏறிக்கொண்டதில்லை. கல்யாணமான பிள்ளை எங்கே போவான், மேலே ஒரு ரூம் எடுப்பான். ஒவ்வொரு குடும்பமும் அப்படித்தான் வளர்ந்தது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அம்மா பெயரில் 2000-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலின் நகலை வாங்கு. பழைய கரண்ட் பில், போட்டோ பாஸ், மாநகராட்சிக்குப் பணம் கட்டிய பாவ்தி (ரசீது) எதுவாக இருந்தாலும் எடுத்து வை. வீட்டில் தொழில் நடந்தால் குமாஸ்தா லைசென்ஸ், அதாவது கடைப் பதிவுச் சான்று, தனி ஆதாரம், கடைக்கு வேறு கணக்கு உண்டு. பெயரில் எழுத்து மாறியிருந்தால், எங்கள் ஆட்களின் பெயரை மராத்தியில் எழுதும்போது முக்கால்வாசி மாறித்தான் இருக்கும், இப்போதே அஃபிடவிட் போட்டுவிடு. அப்பா பெயரில் வீடு இருந்து அவர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசுச் சான்றிதழ் எடு. உன் மேல்மாடிக்கு உன் பெயரில் தனி மீட்டர் இருக்கிறதா? இருந்தால் அந்த பில்லைத் தேதி வரிசையாக அடுக்கு. சர்வேக்காரர் ஒட்டிய நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள். அசல் எதையும் யார் கையிலும் கொடுக்காதே, சங்கத்துத் தலைவரானாலும் சரி.

இன்னொன்று. மறுவாழ்வு வீடு கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும்தான் பதிவாக வேண்டும். உன் மனைவியின் ஆதார் முகவரி இன்னும் ஊரில் இருந்தால் மாற்று. எத்தனையோ பெண்கள் இந்த ஒரு இடத்தில் விடுபட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே என்று அவர்கள் சொல்லும் இடங்களில் குர்லா, முலுண்ட் உப்பள நிலம், தேவ்னார் குப்பைமேடு எல்லாம் பேச்சில் இருக்கின்றன. உன் பெயர் எந்தப் பட்டியலில் வந்தாலும், ஆட்சேபம் எழுதக் கொடுக்கும் நாட்களைத் தவற விடாதே. எழுதிக் கொடு, முத்திரை வைத்த நகல் வாங்கு.

கொரோனாவை தாராவி கட்டுப்படுத்தியதைப் பெருமையாகச் சொன்னார்கள். அப்படியானால் அங்கே சுகாதாரம் நாம் நினைப்பதுபோல் மோசமில்லையோ?
— ஆசிரியர், திருநெல்வேலி

தாராவியில் முதல் நோயாளியை 2020 ஏப்ரல் 1 அன்று கண்டுபிடித்தார்கள். வீடு வீடாகச் சோதித்தது, பள்ளிக்கூடங்களைத் தனிமை முகாம் ஆக்கியது, உள்ளூர் டாக்டர்கள் இறங்கி வேலை செய்தது எல்லாம் உண்மை. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு நோய் வந்துபோன தடயம். அதே வார்டுகளில் மற்ற வீடுகளில் 16 சதவீதம். ஒரே வார்டுக்குள் அவ்வளவு வித்தியாசம். கக்கூஸ் பொது, குழாய் பொது என்றால் விலகி இருப்பது எப்படி?

மாநகராட்சியின் தண்ணீர்க் கணக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. குடிசையில் இருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர், கட்டடத்தில் இருப்பவருக்கு 135. அதுவும் 2000-க்குப் பிறகு வந்த குடிசைகளுக்கு இணைப்பே இல்லை என்று இருந்தது. 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், வீடு சட்டவிரோதம் என்பதற்காகக் குடிதண்ணீரை மறுக்க முடியாது என்றது. தீர்ப்புக்குப் பிறகும் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களோடு நானும் அலைந்திருக்கிறேன்.

மும்பையில் முப்பதாவது மாடியில் ஒரு ஃப்ளாட் பேசி முடித்திருக்கிறோம். பால்கனியில் நின்றால் கீழே குடிசைகள். “அஞ்சு வருஷத்துல எல்லாம் க்ளியர் ஆயிடும் சார்” என்கிறார் புரோக்கர். என் மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. வாங்கலாமா?
— ஐ.டி. ஊழியர், இப்போது மும்பை

உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் அந்த ஊரில் எங்கேயாவது தலைசாய்க்க வேண்டும், அந்த ஊர் யாருக்குமே மலிவாக இடம் கொடுப்பதில்லை. ‘க்ளியர்’ என்ற சொல்லை மட்டும் உங்கள் வாயில் வர விடாதீர்கள். உங்கள் சமையல்காரம்மா, டிரைவர், காரைத் துடைக்கும் பையன், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி எல்லாரும் அந்தக் கூரைகளுக்குக் கீழிருந்துதான் காலையில் ஏறி வரப்போகிறார்கள். அவர்கள் க்ளியர் ஆனால் எங்கே போவார்கள் என்று புரோக்கரைக் கேளுங்கள்.

பிறகு ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வாங்குவது எஸ்.ஆர்.ஏ. திட்டத்தின் விற்பனைக் கட்டடமா என்று பில்டரிடம் நேராகக் கேளுங்கள். ஆம் என்றால், அதே மனையில், அநேகமாகப் பின்பக்கம், வேறு கேட் வைத்து ஒரு மறுவாழ்வுக் கட்டடம் இருக்கும். அங்கே எத்தனை குடும்பத்துக்குச் சாவி கொடுத்தாயிற்று, எத்தனை பேர் இன்னும் ட்ரான்சிட் கேம்ப் என்ற தற்காலிகக் குடியிருப்பில் இருக்கிறார்கள், வாடகைப் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். நாங்கள் கேட்டால் அடுத்த வாரம் வா என்பார்கள். முன்பணம் கொடுக்கப் போகும் நீங்கள் கேட்டால் உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு பகல் பதினொரு மணிக்கு அந்தப் பின்பக்கக் கட்டடத்துக்குப் போங்கள். லிஃப்ட் ஓடுகிறதா பாருங்கள். ஓடாவிட்டால் படியேறி மூன்றாவது மாடி நடைபாதையில் நில்லுங்கள். டியூப்லைட் எரிகிறதா, இல்லை வெயில் வருகிறதா? பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நான் பதில் போடுகிறேன்.